குளத்து வாயுவை விற்றால் கணக்கு யார் பேரில்?

ஆசியான் நாடுகள் கார்பன் குறைப்பைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு வந்தாலே சதவீதங்களை அடுக்கிவிடுகிறார்கள். மலேசியா 45, இந்தோனேசியா 31.89, தாய்லாந்து 30. பார்த்தால் வகுப்பில் நாம்தான் முதல்! ஆனால் நம்முடைய 45 மொத்தப் புகையில் இல்லை. 2005-ஐ ஒப்பிட்டு, ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு வெளியாகும் அளவை 2030-க்குள் அவ்வளவு குறைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். உற்பத்தி இரட்டித்தால், 45 குறைத்த பிறகும் மொத்தம் 10 சதவீதம் கூடியிருக்கும். மற்ற இருவரும் 'சும்மா விட்டிருந்தால் 2030-இல் இவ்வளவு வந்திருக்கும்' என்று தாங்களே போட்ட மதிப்பிலிருந்து கழிக்கிறார்கள். சிங்கப்பூரோ 2030-இல் மொத்தமே சுமார் 60 மில்லியன் டன் என்று டன்னில் பேசுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் போக்குவரத்து, கட்டடம், விவசாயம், குப்பைக்கு எல்லாருக்கும் ஒரே அடிப்படை ஆண்டு, 2005. வசதியைப் பார்த்து, 2030-க்குள் பல்கேரியா 10 சதவீதம், ஜெர்மனி 50 சதவீதம் குறைக்கவேண்டும்.

இங்கே அப்படியொரு பொதுக் கணக்கு இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு, பேராக்கில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கழிவு அழுகி மீத்தேன் வாயு எழுகிறது. (நாற்றம் மீத்தேனுடையதல்ல, அதற்கு வாசனையே கிடையாது. மூக்கைப் பொத்த வைப்பது கூட வரும் ஹைட்ரஜன் சல்பைடு.) ஒரு நாளைக்கு 1,000 டன் குலை அரைத்தால் ஏறக்குறைய 650 கனமீட்டர் கழிவுநீர், அதிலிருந்து 18,000 கனமீட்டர் வாயு. அதில் 60 சதவீதம் மீத்தேன், கிட்டத்தட்ட 7 டன். மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் என்று கணக்குப் பார்த்தால் தினமும் 200 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

குளத்தை மூடி வாயுவைப் பிடிப்பது மலிவுதான், ஆனால் கவனம் வேண்டும். 80 டிகிரிக்கு மேல் வரும் கழிவுநீரை ஆறவிடாமல் உள்ளே விட்டால் நுண்ணுயிர் செத்துப்போகும். எண்ணெயை வழித்தெடுக்காவிட்டால் மேலே ஆடை கட்டும், புளிப்பு ஏறி வாயு நின்றுவிடும். சல்பைடைக் கழுவாமல் அனுப்பினால் வாயுவை எரித்து ஓடும் எஞ்சின் அரித்துப்போகும்.

2024 முதல் சிங்கப்பூர் நிறுவனங்கள் கார்பன் வரி கட்டவேண்டிய அளவில் 5 சதவீதம் வரை, வரிக்குப் பதிலாக வெளிநாட்டில் வாங்கிய கார்பன் குறைப்பைக் காட்டலாம். பாரிஸ் ஒப்பந்த விதிப்படி, விற்ற டன்னை விற்ற நாடு தன் புகைக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியானால், நாம் அவர்களுக்கு விற்றால் மலிவான குளம் அவர்கள் கணக்கில். நிலக்கரி மின்நிலையமும் லோரிகளும் நம் தலையில். நுங்கு தின்னவன் ஓடிப்போயிட்டான், நோண்டித் தின்னவன் மாட்டிக்கிட்டான்!

விற்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் இலக்குக்கு வேண்டிய டன்னை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்கலாம். விலையைக் குளத்து மூடியின் செலவை வைத்துப் போடக்கூடாது, அந்த டன்னுக்குப் பதிலாக வேறெங்காவது ஒரு டன் குறைக்க நமக்கு ஆகும் செலவை வைத்துப் போடவேண்டும்.