ஆடு மேய்க்கிற கேம்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், முழுசாகச் சொல்லத் தேவையில்லை. நம் வடசென்னை ஏரியா கேமிங் போட்டியில் எல்லா டேபிளும் செல்போனில் சுடுகிற கேமுக்குப் போயிருந்தது. ஊரைக் கட்டி, படை சேர்த்து மோதுகிற கம்ப்யூட்டர் கேம் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு ஒரே ஒரு டேபிள் கேட்டேன். அதற்கு மைக்கைப் பிடித்திருந்த தம்பியிடமிருந்து, அத்தனை பேர் முன்னால், "ஆடு மேய்க்கிற கேமையெல்லாம் வீட்ல ஆடிக்கங்கண்ணா" என்று பதில். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

யோசிப்பதும் விளையாட்டுதான் தம்பி. ஆட்டம் ஆடு அறுப்பதில்தான் தொடங்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் சில நிமிடத்தில் நம் ஆட்களில் எத்தனை பேரைக் கறி சேர்க்க விட்டோம், எத்தனை பேரை மரம் வெட்ட அனுப்பினோம் என்பதில் இருக்கிறது, அரை மணி நேரம் கழித்து கோட்டை நிற்குமா விழுமா என்பது. எதிரி என்ன கட்டுகிறான் என்று ஒரு குதிரைக்காரனை அனுப்பி எட்டிப் பார்க்க வேண்டும். அவன் குதிரைப்படை சேர்த்தால் நாம் ஈட்டிக்காரனைத் தயார் செய்ய வேண்டும். விரல் வேகம் மட்டும் இங்கே போதாது.

2003ல் தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில், மூன்று பேர் காசு சேர்த்து ஒரு மணி நேரம் வாங்கி இதைக் கற்றுக்கொண்டேன். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். கேம் என்றாலே திட்டுவார். 2022ல் அதே கேமில் நாம் எடுத்து ஆடுகிற ஒரு தரப்பாகத் திராவிடர்கள் வந்தார்கள், ராஜேந்திர சோழன் கதையோடு. சுருள்வாள் வீரன் இருக்கிறான், திரிசடை என்று ஒரு போர்க்கப்பல் இருக்கிறது, நம் மீன்பிடிப் படகு மற்றவர்களுடையதைவிட 15 உணவு கூடுதலாகச் சுமக்கும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, "அந்தப் படகை ஏன்டா சும்மா நிறுத்தி வச்சிருக்க, மீன் அந்தாண்ட இருக்கு பார்" என்று திரையில் விரலை வைத்தார். அவர் விரல் தடம் மானிட்டரில் ரொம்ப நாள் இருந்தது.

"பார்க்கிறவனுக்கு போரடிக்கும்" என்கிறீர்கள். 2024 டிசம்பரில் குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனாரே, 14 ஆட்டம், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில். போரடித்ததா? "செல்போன்தான் எல்லார்கிட்டயும் இருக்கு, அதான் செல்போன் கேம்" என்றால், சரி, அது நியாயம்.

அப்புறம் கமெண்டில் ஒருவர், "கதை கேம் ஆடுறவன்லாம் பேச வந்துட்டான்" என்று எழுதியிருக்கிறார். ஆமாம், ஆடுகிறேன். அதைப் போட்டியில் வைக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ‘விட்சர் 3’ என்கிற கதை கேமில் ஒரு மரத்தடி ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று ஒரு கட்டம். அனாதைக் குழந்தைகள் பிழைக்கட்டும் என்று விடுவித்தேன். குழந்தைகள் பிழைத்தார்கள். அதனாலேயே வேறொரு இடத்தில் ஒரு பெண் செத்து, அவள் கணவன் தூக்கில் தொங்கினான். குடித்துவிட்டு அவளை அடித்தவன்தான் அவன். அப்படிப்பட்டவனுக்காக அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதுவும் யோசிப்பதுதான். இதைக் கேம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

உண்மையில் எனக்கு வலித்தது கேமுக்காக மட்டும் இல்லை. வடசென்னை என்றால் சினிமாவில் அரிவாள், அடிதடி. வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு ஒருவர் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் கேரம் போர்டில் உட்கார்ந்து காய் எங்கே போய் எங்கே திரும்பும் என்று கணக்குப் போடுகிற ஊர் இது. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் பெண். வெளியாள் நம்மை முரடன் என்று நினைத்தால் அவனுக்கு நம்மைத் தெரியாது என்று விட்டுவிடுவேன். நம் தெருப் பையனே மைக்கைப் பிடித்து, மூளையை வீட்டில் வைத்துவிட்டு வா என்கிற மாதிரிப் பேசினால் நான் எங்கே போவது?

அந்தத் தம்பி மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. அடுத்த வருடம் என் கம்ப்யூட்டரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். கரண்ட் பாயிண்ட் ஒன்று மட்டும் கொடுங்கள்.