மூச்சு விட்டால் பூமி சூடாகுமா?

பருவநிலை மாற்றத்தை மாணவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிற விதத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம் உண்டு. கார்பன் சுழற்சி உயிரியல் பாடத்தில் ஒரு படமாக வந்துபோகிறது: மரம், மாடு, தொழிற்சாலை, நாலைந்து அம்புக்குறிகள். பருவநிலை மாற்றமோ வேறொரு பாடத்தில், பெரும்பாலும் 'பூமியைக் காப்போம்' சுவரொட்டியாக வருகிறது. முதலாவது புரியாமல் இரண்டாவது புரியாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

"நாம் மூச்சு விடும்போதும் கார்பன் டை ஆக்சைடுதானே வருகிறது, அதனாலும் பூமி சூடாகுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். மொத்தப் பாடமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நாம் வெளியே விடும் கார்பன் சாப்பாட்டிலிருந்து வந்தது. அந்தச் சாப்பாட்டைத் தந்த செடி, சில மாதங்களுக்கோ சில வருடங்களுக்கோ முன்பு அதைக் காற்றிலிருந்துதான் எடுத்தது. எடுத்ததைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான். நிலக்கரி அப்படியல்ல. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக்காடுகள் காற்றிலிருந்து இழுத்து, பிறகு மண்ணுக்கடியில் புதைந்துபோன கார்பன் அதில் ஏராளம். அது சேர லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாம் இருநூறு சொச்சம் ஆண்டுகளில் எரித்து வெளியே விடுகிறோம்.

அடுத்து அளவைச் சொல்ல வேண்டும். நிலத்துத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் வருடத்துக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை எடுக்கின்றன. நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து விடுவது சுமார் 1,000 கோடி டன். "இயற்கைக்கு முன்னால் இது எம்மாத்திரம்?" என்று பெரியவர்களே வாதாடுகிறார்கள். வரவு செலவு பார்க்கத் தெரிந்த பிள்ளை இதில் ஏமாறாது. தாவரங்கள் எடுக்கும் 12,000 கோடியில் ஏறக்குறைய முழுவதும் சுவாசத்திலும் மக்குவதிலும் திரும்பி வந்துவிடுகிறது. நம்முடைய 1,000 கோடிக்கு அப்படி ஈடு இல்லை. கடலும் நிலமும் சேர்ந்து ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கி, போன வருடத்துப் பாக்கியோடு சேர்கிறது. கடல் வாங்கிக்கொள்வதும் சும்மா இல்லை, அதன் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகிறது.

1958இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவீடுகளின் வரைபடத்தை மாணவர்கள் தங்கள் கையால் வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோடு பல் பல்லாக ஏறும். வட அரைக்கோளம் துளிர்க்கும் பருவத்தில் இறங்கும், இலை உதிர்ந்து மக்கும் பருவத்தில் ஏறும். பாடப்புத்தக அம்புக்குறிகள் நிஜத்தில் நடப்பது அதில் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிட உயரமாக இருப்பதும் தெரியும்.

கூடுதலாக வந்தது எரிபொருளிலிருந்துதான் என்று எப்படித் தெரியும்? உயர்நிலை வகுப்பில் இதையும் சொல்லலாம். கார்பன் 14 என்பது கார்பனிலேயே கதிரியக்கமுள்ள ஒரு வகை, சிதைந்துகொண்டே இருப்பது. 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. அதை எரிக்க எரிக்கக் காற்றில் கார்பன் 14இன் விகிதம் நீர்த்துப்போகும். வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் இதை 1950களிலேயே மர வளையங்களில் கண்டுபிடித்துவிட்டார்.

மரம் நடுவதைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். மரம் கார்பனைப் பிடித்துவைக்கிறது, உண்மை. ஆனால் அது பட்டு மக்கினாலோ எரிந்தாலோ பெரும்பகுதி திரும்பக் காற்றுக்கே போகும். நட்டுவிட்டால் எரிப்பதற்குக் கணக்குச் சரியாகிவிடும் என்ற நினைப்பைச் சின்ன வயதிலேயே விதைக்க வேண்டாம்.

அப்புறம், தேர்வு. 'கார்பன் சுழற்சியைப் படம் வரைந்து விளக்குக' என்பதோடு இதையும் கேளுங்கள்: முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?