றகர் ஏன் கண்டியோடு நின்றுவிட்டது?

கொழும்பு றோயலும் கண்டி டிரினிட்டியும் மோதும் றகர் (றக்பி) போட்டியான பிராட்பி கேடயம் நெருங்கினால் கண்டியில் வேறு பேச்சே கிடையாது. டிரினிட்டி கல்லூரி வாசலை மிதித்தே இராத ஆட்டோ அண்ணன்கூடக் கணக்குப் போடுவார்: றோயல் எத்தனை புள்ளி, நாம் எத்தனை எடுத்தால் போதும் என்று. கொழும்பில் ஓர் ஆட்டம், கண்டியில் ஓர் ஆட்டம், இரண்டையும் கூட்டித்தான் கேடயம். 1945இல் தொடங்கிய சண்டை இது.

"பணக்காரப் பாடசாலை விளையாட்டு" என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டியின் கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891இலேயே அதை நிறுவிய பிளேஸ் றகரை அறிமுகப்படுத்தினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதின. அதே கிங்ஸ்வூட்டில் படித்த ஃபாசில் மரிஜா நாட்டு அணிக்கே தலைவரானார். கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் பிறந்தது, ஆனாலும் நெடுங்காலம் கிண்ணங்கள் பெரும்பாலும் கொழும்புக் கழகங்களுக்கே போயின. 1990களில்தான் அந்தக் கழகத்தின் மைதானம் இருக்கும் நித்தவெல பக்கம் காற்று திரும்பியது. நகரத்துப் பாடசாலைகளில் தேறிய பையன்களும், மழையிலும் கயிற்றுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டும் சனமும் இல்லாமல் அது நடந்திருக்காது.

சரி, கண்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களில்?

திம்புல, டிக்கோயா, ஊவா என்று தோட்டத்துரைமார் கழகங்கள் ஒரு காலத்தில் நன்றாகவே ஆடின. புல் வெட்டியது நம் ஆட்கள், பந்து துரைமார் கையில். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போயின, வெள்ளைத் துரைகள் கப்பலேறினார்கள், றகரும் மங்கிப்போனது. லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அது இறங்கி வரவே இல்லை. நான் அறிந்த தோட்டப் பாடசாலைகளில் இன்றும் கிரிக்கெட், கரப்பந்து, கொஞ்சம் உதைபந்து, அவ்வளவுதான். ஏற்றத்தில் ஓடியே வளர்ந்த கால்கள் அங்கே சும்மா கிடக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

பந்தை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டால் வளர்ந்துவிடும் என்று நினைக்கிற நல்லவர்களுக்கு ஒன்று. பதினைந்து பேர் ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுக்கு எட்டுப் பேர் தோள்கோர்த்துத் தள்ளும்போது முன்வரிசைப் பையனின் கழுத்தில்தான் அத்தனை பாரமும் இறங்கும். முதுகை எப்படி வைப்பது, எங்கே பிடிப்பது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் சரிந்து கழுத்து முறியும். அதனால் முதலில் டேக் றக்பி: மோதல் கிடையாது, இடுப்பில் செருகிய பட்டியை உருவினால் போதும், பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடலாம். அப்புறம் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழே நிமிடம், ஸ்க்ரமுக்கு மூன்று பேர். பதினைந்து பேர் ஆட்டம் அதற்குப் பிறகு வரட்டும்.

இன்னொன்று. சின்னப் பாடசாலையில் ஒருவன் தேறினால் பெரிய பாடசாலை கூட்டிக்கொண்டு போய்விடும். பையனுக்கு நல்லதுதான், தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவனை உருவாக்கிய மாஸ்டருக்கு மிஞ்சுவது என்ன? பெரிய போட்டிக்கு விளம்பரத் தட்டி கட்டுகிற நிறுவனங்கள் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பயிற்றுநருக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்கு பஸ் காசும் கொடுக்கட்டும். பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிற நண்பர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுங்கள். வழக்கமான இராவிருந்துச் செலவில் பாதி போதும்.