ஹீலியம் பாதி எடையைத்தான் தூக்குமா?

கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில், அறிவியல் கண்காட்சியை ஒட்டி ஒரு செய்தி சுற்றுகிறது: "ஹீலியம் ஹைட்ரஜனைவிட இரண்டு மடங்கு கனம், அதனால் பாதி எடையைத்தான் தூக்கும். ஹிண்டன்பர்க் வான்கப்பலில் ஹைட்ரஜன் நிரப்பியது அதற்காகத்தான்." இரண்டு மடங்கு கனம் என்பது சரி; ஆனால் அதிலிருந்து சொல்லும் இரண்டு முடிவுகளுமே தவறு.

காற்றின் எடையில் வாயுவின் எடையைக் கழித்தால் வருவதுதான் தூக்குதிறன். ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ, ஹைட்ரஜன் 0.08, ஹீலியம் 0.17. கழித்துப் பாருங்கள்: 1.12, 1.03. குறைவது ஏழெட்டு சதவீதம்தான்.

சரி, அது சின்ன இழப்பா? இல்லை. உள்ளே இருக்கும் டுராலுமின் (அலுமினியக் கலப்பு உலோகம்) சட்டகம், மேல் துணி, இன்ஜின் எடையெல்லாம் மாறாது. குறைவது முழுக்கப் பயணிகள், எரிபொருள் கணக்கில் விழும். சுமார் 2 லட்சம் கன மீட்டர் வாயு கொள்ளும் ஜெர்மன் வான்கப்பலான ஹிண்டன்பர்க்குக்கு அது பல டன். அப்படியும் அதை ஹீலியத்துக்காகவே வடிவமைத்தார்கள். அமெரிக்கா ஹீலியம் தராததால்தான் ஹைட்ரஜன் நிரப்பினார்கள். 1937 மே 6-ல் எரிந்தது. விளக்க அட்டை எழுதிவிட்ட பிள்ளைகள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.