மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் நடந்த அந்த இரண்டு நாள் தலைமைப் பண்பு முகாமைப் பற்றியும், அதில் கலந்துகொண்ட, தொழிற்சாலையின் ஓர் உற்பத்தி லைனுக்குப் புதிதாக லீடரான தம்பி ஷிஃப்ட்டில் கத்தியதற்காக அவருடைய பதவி பறிக்கப்பட்டதைப் பற்றியும் நண்பர்கள் பலர் எழுதிவிட்டீர்கள். ‘பயிற்சி கொடுத்தும் தேறவில்லை’ என்று அவரைக் குறை சொல்லும் பின்னூட்டங்களைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவருக்குக் கொடுக்கப்பட்டது என்ன? கயிறு இழுத்தார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள், தங்கள் ஆளுமை எந்த வகை என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஷிஃப்ட்டில், நேற்று வரை தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பர் ஓவர்டைம் பார்க்க முடியாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னபோது என்ன பேச வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் கத்தினார், அது தவறுதான். ஆனால் அந்த ஒரு சூழலுக்குத் தயார் செய்யாத பயிற்சியைப் பயிற்சி என்று நான் ஏற்க மாட்டேன்.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக உயர்த்தப்பட்டபோது, என்னைவிட வயதில் மிகவும் மூத்த ஃபிட்டர் ஒருவர் காலை ஷிஃப்ட்டுக்குத் தொடர்ந்து தாமதமாக வந்துகொண்டிருந்தார். எங்கள் ஃபோர்மேன் என்னை டூல் ரூமுக்கு அழைத்துப் போய், தானே அந்த ஃபிட்டராக எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஒருமுறை கோபப்பட்டார், ஒருமுறை வாயே திறக்கவில்லை, ஒருமுறை ‘தம்பி, நீ நேத்து வந்தவன்’ என்றார். ஒவ்வொரு முறையும், ‘இப்ப என்ன சொல்லுவ?’ என்று கேட்டார். பேசுவதற்கு முன் வருகைப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். பார்த்தபோது, திருநின்றவூர் பக்கம் கம்பெனி பஸ்ஸின் நேரம் மாறிய வாரத்திலிருந்துதான் அந்தத் தாமதமே தொடங்கியிருந்தது. ‘அண்ணே, பஸ்தான் பிரச்சனையா?’ என்று கேட்டதும் பேச்சு எளிதாக முடிந்தது. மறுநாள் டீ இடைவேளையில் ஃபோர்மேன் என்னிடம் வந்து, ‘என்ன ஆச்சு?’ என்று விசாரித்தார். அந்த விசாரிப்பும் பயிற்சியின் ஒரு பகுதி.

இது ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழிற்சாலைகளில் புதிய மேற்பார்வையாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, 1940-இல் அமெரிக்க அரசு தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், மொத்தம் 10 மணி நேரம்தான். ஆட்களோடு நடந்துகொள்ளும் முறையைக் கற்பித்த பாடத்தில், வந்தவர்கள் தங்கள் பணியிடத்தின் உண்மையான சிக்கலையே கொண்டுவந்து பேச வேண்டும். தகவலைத் திரட்டு, எடைபோட்டு முடிவெடு, நடவடிக்கை எடு, விளைவைச் சரிபார் என்று நான்கே படிகள். போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இதை எடுத்துக்கொண்டன. கடலோர ரிசார்ட் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

‘ஒன்றாக வெளியே போனால் நெருக்கம் வளரும்’ என்பீர்கள். வளரட்டும், அதைச் சுற்றுலா என்றே அழையுங்கள். ‘தலைமை பிறவியிலேயே வர வேண்டும்’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அப்படியானால் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவானேன்? ‘பங்கேற்றவர்கள் எல்லோரும் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார்களே’ என்ற வாதத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சியின் பலனை நான்கு நிலைகளாகப் பிரித்துவிட்டார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. கடைசி நாள் மாலையில் நீங்கள் நிரப்பச் சொல்லும் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதம் கழித்து, அந்த லீடரின் கீழ் வேலை செய்பவர்களிடம் போய்க் கேளுங்கள். பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் போதே, ‘மூன்று மாதம் கழித்து வந்து பார்ப்பீர்களா?’ என்று கேளுங்கள். தயங்கினால் அவர்களை அனுப்பிவிடுங்கள். பயிற்சியாளர்கள் மீது எனக்குப் பொறாமை என்று எழுதியவருக்கும் இதே பதில்தான்.

சொல்லப்போனால், என் வருத்தம் பயிற்சியாளர்கள் மீதுகூட இல்லை. வெள்ளிக்கிழமை மாலை பதவி உயர்வுக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை லைனில் தனியாக நிறுத்திவிட்டு, ஏதாவது தவறாகும் வரை எட்டிக்கூடப் பார்க்காத மேலதிகாரிகள் மீதுதான். அந்தத் தம்பி கத்திய நாளில் அவருடைய மேனேஜர் எங்கே இருந்தார் என்று இத்தனை பின்னூட்டங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நன்றாக வேலை செய்த ஒரு தொழிலாளியை உயர்த்துவதாகச் சொல்லி, இரண்டே வாரத்தில் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்திருக்கிறோம். இனி அந்த லைனில் எந்தப் பையன் லீடராக முன்வருவான்?

நிர்வாகத்தில் இதைப் படிப்பவர்கள் இருந்தால் என் கோரிக்கை இதுதான்: அவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த மூன்று மாதம், வாரத்தில் ஒரு மணி நேரம், அந்த வாரம் லைனில் நடந்ததை வைத்து அவருடைய மேனேஜர் அவரோடு உட்கார்ந்து பேசட்டும்.