கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குச் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை

"அரசியலமைப்புப் பிரிவுகளை மனப்பாடம் செய்யாமல் கிளாட் எழுதவே முடியாது; தருமபுரி அரசு சட்டக் கல்லூரிக்கும் அந்த மதிப்பெண்தான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது இரண்டு வகையிலும் தவறு.

தருமபுரிக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் 2 மதிப்பெண்தான் அடிப்படை. திருச்சி, பெங்களூரு போன்ற இடங்களில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேரத்தான் கிளாட்.

அதில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். கேள்விகள் பத்திகளை ஒட்டியே வரும். சட்டப் பகுதியில் விதியையும் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். 'கவனக்குறைவு இல்லாவிட்டாலும், கால்நடை செய்த சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று அங்கே இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்து மாந்தோப்பில் ஆடு புகுந்து மேய்ந்தால், பட்டியை ஒழுங்காக அடைத்திருந்தாலும் ஆட்டுக்காரர் பொறுப்புதான். பாவம் என்று இரக்கப்பட்டு மாற்றிக் குறித்தால் விடை தவறு.

காரிமங்கலத்திலும் ஊத்தங்கரையிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் விண்ணப்பிக்கவே தயங்குவார்கள். அதனால்தான் கோபம் வருகிறது. தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால், அவர்களுக்கு உண்மையான சவால் வாசிப்பு வேகம்தான். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்து, அதன் வாதத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.