லூசிடானியா மூழ்கியதும் அமெரிக்கா போரில் குதித்ததா?

"லூசிடானியா கப்பலை ஜெர்மனி மூழ்கடித்தது, உடனே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது" என்று ஒரு பதிவு மறுபடியும் சுற்றி வருகிறது. தேதிகளைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். அந்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் அயர்லாந்து கரைக்கு அருகே மூழ்கியது 1915 மே 7. பதினெட்டே நிமிடத்தில் மூழ்கிவிட்டது, இறந்தவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். அமெரிக்கா போர் அறிவித்ததோ 1917 ஏப்ரல் 6. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம், அதிலும் 1916 தேர்தலில் 'நம்மைப் போருக்கு வெளியே வைத்திருந்தார்' என்ற பிரசாரத்தோடுதான் அமெரிக்க அதிபர் வில்சன் மறுபடி ஜெயித்தார்!

சரி, அப்புறம் என்னதான் மாறியது? 1917 பிப்ரவரி 1 முதல், நடுநிலை நாட்டுக் கப்பலானாலும் எச்சரிக்காமல் தாக்குவோம் என்று ஜெர்மனி இறங்கியது. அதற்குச் சற்று முன்பு ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் ரகசியத் தந்தி ஒன்று அனுப்பியிருந்தார்: அமெரிக்காவோடு போர் மூண்டால் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை நீங்கள் மீட்டுக்கொள்ள உதவுகிறோம் என்று மெக்சிகோவுக்கு ஒரு பேரம். அமைதிப் பேச்சுக்கு உதவட்டும் என்று அமெரிக்காவே நம்பித் திறந்துவிட்ட தூதரகத் தந்தி வழியிலேயே அது போனது, எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. பிரிட்டன் இடைமறித்துப் படித்துவிட்டது. மார்ச் 1 அன்று செய்தித்தாள்களில் வந்தது, போலி என்று பலர் சந்தேகித்தபோது சிம்மர்மனே ஒப்புக்கொண்டார். அதே மாதம் ஜெர்மன் தாக்குதலில் அமெரிக்கக் கப்பல்களும் மூழ்கின.

ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டன், பிரான்ஸ் முதலான நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்திருந்த பெருங்கடனும் அவர்கள் பக்கம் ஒரு சாய்வை உண்டாக்கியது உண்மைதான். லூசிடானியா கோபத்தை விதைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த "உடனே" என்ற சொல் பொய், பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.